கோல், நரம்பு, டிரெய்லர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாஸ் மீன் தூண்டிலைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "உடைந்துவிட்டது", "நழுவிவிட்டது", "சூடேறிவிட்டது" என்றுதான் முடிகின்றன. பெரும்பாலானவற்றில் கோளாறு கண்ணில் பட்ட இடம் ஒன்று, அது தொடங்கிய இடம் வேறொன்று. அதனால் என்ன செய்வது என்பதோடு, ஏன் அப்படி ஆனது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஏழு அடி கார்பன் கோல். அரைக் கிலோ மீனைப் படகுக்குள் தூக்கும்போது நுனியிலிருந்து ஒன்றரை அடியில் படக்கென்று முறிந்தது. அதற்கு முன் ஒரு நாளும் பிரச்சினை இல்லை. தயாரிப்பில் குறையா?

தயாரிப்புக் குறை என்றால் பெரும்பாலும் முதல் சில தடவை வளைக்கும்போதே தெரிந்துவிடும். நன்றாக வேலை செய்த கோல் சின்ன மீனுக்கு முறிந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பழைய அடி. கார்பன் இழை நீளவாக்கில் இழுவையை அபாரமாகத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. வீசும்போது இருபது கிராம் ஜிக் (தலையில் பாரம் வைத்த முள்) ஒன்று கோலில் மோதினாலும், படகு குலுங்கும்போது டங்ஸ்டன் குண்டு கோலின் மேல் தட்டிக்கொண்டே வந்தாலும், இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் உள்ளே நொறுங்கிவிடும். மேல் பூச்சில் ஒரு தடமும் இருக்காது. பல நாள் கழித்து, அந்த இடம் நன்றாக வளையும் ஒரு நாளில் முறியும்.

இரண்டாவது, நீங்களே எழுதியிருக்கும் "தூக்கும்போது". கோலைச் செங்குத்துக்கும் பின்னால் சாய்த்து, குட்டை நரம்பில் மீனைத் தொங்கவிட்டால், வளைவு முழுவதும் நுனிப் பகுதியில் குவிந்துவிடுகிறது. தடித்த அடிப்பகுதி வேலையே செய்வதில்லை. கோலும் நரம்பும் சேரும் கோணம் மிகக் குறுகினால் நல்ல கோலும் முறியும். மீனை வலையில் எடுங்கள், அல்லது கீழ்த்தாடையைப் பிடித்துக் கையால் எடுங்கள்.

இனி வாங்கும் கோலுக்குத் துணி உறை போட்டு எடுத்துச் செல்லுங்கள். முள்ளைக் கைடு வளையத்தில், அதாவது கோல் நெடுக நரம்பு ஓடும் வளையத்தில், மாட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வளையத்தின் பீங்கான் உள்வட்டத்தில் முள் கீறினால், அடுத்து வீசும் ஒவ்வொரு வீச்சிலும் நரம்பு அந்தக் கீறலில் உரசும். வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். கீறல் இருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். ஒன்றரை அடியில் முறிந்த கோலை உள்குழாய் வைத்து ஒட்டலாம், ஆனால் பழைய வளைவு திரும்பி வராது. நுனியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டருக்குள் முறிந்திருந்தால் மட்டும் புது நுனிக் கைடு போட்டுத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: முதல்முறையாகச் சொந்தமாகக் கோல் கட்டுகிறேன். பிளாங்கின் (கைடும் கைப்பிடியும் மாட்டாத வெறும் கோல்) முதுகெலும்பு, அதாவது ஸ்பைன், மேலே வர வேண்டும் என்கிறார் ஒருவர், கீழே வர வேண்டும் என்கிறார் இன்னொருவர். ரீலும் கைடும் மேல்பக்கம் வரும் பெயிட்காஸ்டிங் கோலுக்கு எது சரி?

பிளாங்கின் அடியை மேசையில் ஊன்றி, நுனியை ஒரு கையில் பிடித்து, நடுவில் அழுத்தி உருட்டினால் ஒரு நிலையில் அது துள்ளி நிற்கும். கார்பன் துணியைச் சுற்றும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாலும், பிளாங்க் முழுக்க நேராக இல்லாததாலும் வருவது அது. அதைச் சரியான பக்கம் வைத்தால் மீன் இழுக்கும்போது கோல் முறுக்காது என்பது பலகாலமாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து.

நடைமுறையில் கோலை முறுக்குவது கைடுகள்தான். நரம்பு கோலின் மேலே ஓடும்போது பாரம் அச்சுக்கு மேலே உட்காருகிறது. அது கீழே வரத்தான் பார்க்கும். ஸ்பைனை எந்தப் பக்கம் வைத்தாலும் இந்த விசை மாறாது. ஆகவே எங்கள் பரிந்துரை: பிளாங்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லா பிளாங்கிலும் லேசான கோணல் இருக்கும். அந்தக் கோணல் இடமோ வலமோ போகாமல், நுனி மேல்நோக்கி எழும்படி வைத்துக் கைடுகளை மேலே கட்டுங்கள். கைடுகளின் எடை நுனியைக் கொஞ்சம் தாழ்த்தும். கோல் நேராகத் தெரியும், குறியும் நேராக விழும்.

முறுக்கே வேண்டாம் என்றால் சுழல் கட்டு முறை இருக்கிறது. ரீலுக்கு அடுத்த கைடு மேலே, அடுத்தது சுமார் 60 டிகிரி திரும்பி, அதற்கடுத்தது 120, பிறகு நுனிவரை எல்லாம் கீழே. பார்க்கப் பழக்கமில்லாமல் இருக்கும், ஆனால் வீச்சு தூரம் குறையாது. பெரிய மீனை ஓரத்துக்கு இழுக்கும்போது கை மணிக்கட்டு அந்த வித்தியாசத்தை உடனே உணரும்.

கேள்வி: ஏழு அடி கோலுக்கு எத்தனை கைடு? இடைவெளிக்கு ஏதாவது அட்டவணை உண்டா?

அட்டவணைகள் நிறைய உண்டு. எல்லாமே தொடக்கப் புள்ளி மட்டும்தான். ஒரே நீளமுள்ள இரண்டு பிளாங்குகள் ஒரே மாதிரி வளைவதில்லை. ஏழு அடிப் பெயிட்காஸ்டிங் கோலுக்கு எட்டு முதல் பத்து கைடும் ஒரு நுனிக் கைடும் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து முதல் கைடு சுமார் 10 சென்டிமீட்டர். அங்கிருந்து ரீலை நோக்கி வர வர ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம். ரீலுக்கு அருகிலுள்ள கடைசிக் கைடு ரீலின் முகத்திலிருந்து 50 முதல் 60 சென்டிமீட்டரில் வரும்.

கைடுகளை மெல்லிய ரப்பர் வளையத்தால் தற்காலிகமாகப் பிடிக்க வையுங்கள். நரம்பை எல்லாக் கைடுகள் வழியாகவும் ஓட்டி, முனையில் ஒரு பாரத்தைக் கட்டி, கோலின் நுனி கைப்பிடிக்குச் செங்கோணமாகும் வரை வளையுங்கள். இப்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். இரண்டு கைடுகளுக்கு நடுவே நரம்பு பிளாங்கைத் தொட்டாலோ கீழே இறங்கினாலோ அங்கே இடைவெளி அதிகம். ஒரு கைடில் மட்டும் நரம்பு கூர்மையாக மடிந்தால் அதன் அக்கம்பக்கத்துக் கைடுகளை அதை நோக்கி நகர்த்துங்கள். எல்லாக் கைடிலும் ஏறக்குறைய ஒரே அளவு மடிப்பு வரும்வரை நகர்த்துங்கள். அரை மணி நேர வேலை. பிறகு பென்சிலால் குறியிடுங்கள்.

கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல் என்றால் கணக்கு வேறு. ரீலைக் கோலில் மாட்டி, ஸ்பூலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அச்சை நேராக முன்னால் நீட்டிப் பார்த்தால் அது பிளாங்கை ஓரிடத்தில் வெட்டும். பெரிய வட்டங்களாகக் கிளம்பும் நரம்பு அந்த இடத்துக்கு வரும்போது அடங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து நுனிவரை எல்லாமே சின்னக் கைடுகள். ரீலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று உயரமான கைடுகள், பெரியதிலிருந்து சிறியதாக.

கேள்வி: கைடு கட்டிய நூல் மேல் எபாக்சி பூசி மூன்று நாள் ஆகிவிட்டது. தொட்டால் இன்னும் ஒட்டுகிறது. சில இடங்களில் குழிகுழியாகவும் இருக்கிறது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடி கட்டவா?

பிய்க்க வேண்டாம். இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு.

ஒட்டும் பதம் வந்தால் அளவு தவறியிருக்கிறது, அல்லது கலவை சரியாகக் கலக்கவில்லை. கோல் பூச்சுக்கான எபாக்சிகள் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று, அதுவும் கொள்ளளவில். தராசில் நிறுத்தால் தவறும், ஏனென்றால் இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல. இரண்டு தனித்தனி சிரிஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், மாறிப்போகாமல் பெயர் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 3 மில்லி. ஒரே ஒரு கைடுதானே என்று அரை மில்லி எடுத்தால், சிரிஞ்சில் நிற்கும் ஒரு காற்றுக் குமிழியே விகிதத்தைக் கெடுக்கப் போதும். மீதி வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். தட்டையான குச்சியால், பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் நுரைக்கும். மெழுகு பூசிய காகிதக் கப் வேண்டாம். மெழுகு கலவையில் இறங்கும்.

கலந்ததை அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். குவியலாகக் கப்பில் இருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். பரப்பினால் பூச நேரம் கிடைக்கும், குமிழிகளும் தாமாக மேலே வந்து உடையும்.

குழிகளுக்குக் காரணம் எண்ணெய்ப் பசை. நூலைத் தொட்ட விரலின் பிசுக்காக இருக்கலாம். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று சிரிஞ்சின் கறுப்பு ரப்பர் முனை. அது சுலபமாக வழுக்க சிலிகான் தடவியிருப்பார்கள். அதில் துளி கலந்தாலும் பூச்சு அந்த இடத்தை விட்டு விலகி வட்டக் குழியாக நிற்கும். ரப்பர் இல்லாத, முழுதும் பிளாஸ்டிக்கான சிரிஞ்சு வாங்குங்கள்.

இப்போது உங்கள் கோலுக்கு: மேலே ஈரமாகத் திரவமாகவே இருந்தால் ஆல்கஹால் நனைத்த துணியால் வழித்தெடுங்கள். லேசான ஒட்டல் மட்டும்தான் என்றால், சரியான அளவில் கலந்த புதுப் பூச்சு ஒன்றை அப்படியே மேலே மெல்லியதாகக் கொடுங்கள். பெரும்பாலும் அது இறுகிச் சரியாகிவிடும். குழிகளுக்கு அந்தப் பூச்சு நன்றாக இறுகிய பிறகு நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல் இன்னொரு பூச்சு.

பூசியதும் கோல் நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது சுற்று வேகத்தில், பூச்சு வழியாமல் நிற்கும்வரை, குறைந்தது நான்கைந்து மணி நேரம் சுற்ற வேண்டும். அறை 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. குளிரில் எபாக்சி கெட்டியாகி வரி வரியாக நிற்கும். அப்போது இரண்டு பாட்டிலையும் மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். குமிழியை வாயால் ஊதாதீர்கள். மூச்சிலுள்ள ஈரம் பூச்சைப் பால் போல் மங்கவைக்கும். ஸ்பிரிட் விளக்கின் சிறு சுடரை ஒரு நொடி கீழே காட்டி எடுத்தால் போதும். தடிமனாக ஒரே பூச்சாகப் போட்டால் நடுவில் உருண்டு திரண்டு நிற்கும்; மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே 24 மணி நேரம். மீன்பிடிக்க எடுக்கும் முன் ஒரு வாரம் விடுங்கள்.

கேள்வி: சிவப்பு நூலில் கட்டினேன், எபாக்சி பட்டதும் கருஞ்சிவப்பாகிவிட்டது. கைடு கால் தொடங்கும் இடத்தில் நூலுக்கு நடுவே இடைவெளியும் தெரிகிறது.

சாதாரண நைலான் நூல் எபாக்சியை உறிஞ்சினால் கண்ணாடி போலாகி அடியிலுள்ள கறுப்பு பிளாங்க் தெரியும். நிறம் மாறாத வகை நூல் தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். அல்லது முன்னதாக நிறக்காப்புத் திரவம் பூசி முழுதும் உலரவிடுங்கள்.

இடைவெளி வருவது கைடின் கால் முனை மொத்தமாக இருப்பதால். நூல் அந்தப் படியில் ஏற முடியாமல் தாவுகிறது. சிறு அரத்தால் கால் முனையின் மேல்பக்கத்தைக் கத்தி முனைபோல் சரிவாக்குங்கள். அடிப்பக்கத்தில் பிசிறு எழுந்திருக்கும், அதை நகத்தால் தடவிப் பார்த்துக் கண்டிப்பாக நீக்குங்கள். பிசிறு பிளாங்கில் குத்தினால், மேலே சொன்ன முதல் கேள்விக்காரரின் கதிதான். நூலைக் கால் முனைக்கு 3, 4 மில்லிமீட்டர் முன்பே தொடங்குங்கள். கட்டி முடித்த பின் விரலால் தள்ளினால் கைடு மயிரிழை அளவு நகர வேண்டும். அசையவே இல்லை என்றால் நூலை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: நுனிக் கைடை எந்தப் பசையால் ஒட்டுவது?

சூட்டில் இளகும் கோல் பசைக் கட்டியால். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். ஒருநாள் அந்தக் கைடை மாற்ற வேண்டிவரும், அப்போது அது கழலாது. கழற்றும்போது சுடரை உலோகக் குழாயில் மட்டும் காட்டுங்கள். கார்பனில் நேரடியாகச் சூடு பட்டால் பிசின் கருகி நுனி பொடிந்துவிடும்.

கேள்வி: பெயிட்காஸ்டிங் ரீலில் ஒவ்வொரு மூன்றாவது வீச்சும் சிக்கு. பிரேக்கை முழுவதும் ஏற்றினால் தூரம் போகவில்லை.

நரம்பு வெளியேறும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் சிக்கு. அது எந்த நேரத்தில் விழுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

வீச்சின் தொடக்கத்திலேயே விழுந்தால் கையை வெட்டி வீசுகிறீர்கள், அல்லது பிரேக் போதவில்லை. மீதித் தூரமெல்லாம் நன்றாகப் போய், இரை தண்ணீரைத் தொடும்போது விழுந்தால் அது பிரேக்கின் குறையல்ல, கட்டைவிரல் தாமதம். இரை நீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே விரல் ஸ்பூலில் இருக்க வேண்டும். நடுவழியில் விழுந்தால் எதிர்க்காற்று. தாழ வீசுங்கள்.

அமைக்கும் முறை: வீசப்போகும் இரையையே கட்டி, கோலைக் கிடைமட்டமாக நீட்டி, பொத்தானை அழுத்துங்கள். கைப்பிடிப் பக்கமுள்ள இறுக்கத் திருகை, இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானே நிற்கும்படி வையுங்கள். பிரேக்கை முக்கால் அளவில் வைத்து, கை பழகப் பழக ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். இரையின் எடை மாறினால் திருகையும் மாற்ற வேண்டும். பலர் இதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பத்து கிராமுக்குக் குறைந்த இரையில் கற்றுக்கொள்ளாதீர்கள். பதினைந்து கிராம் இரை ஸ்பூலை ஒழுங்காக இழுத்துப் போகும். ஸ்பூலில் நரம்பு விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழேயே நிற்கட்டும்.

கற்கும் காலத்துக்கு ஒரு வழி: உங்களால் முடிந்த தூரம் வீசி, இன்னும் ஐந்தாறு மீட்டர் நரம்பைக் கையால் உருவி, ஸ்பூலில் மீதியிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிச் சுற்றிவிடுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் அந்த டேப்புக்குக் கீழே இறங்காது. சிக்கு விழுந்தால் உருவ அவசரப்படாமல், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தியபடி கைப்பிடியை நான்கைந்து சுற்று சுற்றி, பிறகு மெதுவாக இழுங்கள். பெரும்பாலான முடிச்சு தளர்ந்து வந்துவிடும். ஃப்ளூரோகார்பன் நரம்பில் மடிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள். அங்கேதான் அறும்.

கேள்வி: 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) போட்டேன். முடிச்சு அறாமல் அவிழ்ந்து வருகிறது. போதாததற்கு, டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) முழுவதும் இறுக்கியும் நரம்பு ஓடுகிறது.

இரண்டும் வழுக்கல்தான். நைலானுக்குக் கட்டிப் பழகிய கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் பிடிக்காது. பாலோமார் கட்டுங்கள்: நரம்பை இரட்டையாக மடித்து முள் கண்ணில் நுழைத்து, சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முள் முழுவதையும் விட்டு எடுத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். டிராக் விஷயத்தில், நரம்புச் சுருள் மொத்தமாக ஸ்பூலின் மேல் சுழல்கிறது. முதலில் பத்து மீட்டர் நைலானைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டை நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஏற்றுங்கள்.

கேள்வி: கிராங்க்பெயிட்டில் (இழுக்கும்போது மூழ்கி ஆடும் கடின இரை) அடிக்கும் மீன்கள் பாதி வழியில் கழன்றுவிடுகின்றன. முள்ளைப் பெரிதாக்கியும் பயனில்லை.

முள்ளை விடுங்கள், கோலைப் பாருங்கள். மும்முள்ளின் கம்பி மெல்லியது, மீன் வாயில் அது பிடிக்கும் சதையும் கொஞ்சம். விறைப்பான கோலும் பிரெய்டும் சேர்ந்தால் மீன் தலையை உலுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டை பெரிதாகும். நடுப்பகுதி வரை வளைந்து கொடுக்கும் மிதமான கோல், கண்ணாடி இழை அல்லது கண்ணாடி இழையும் கார்பனும் கலந்தது, 10 முதல் 14 பவுண்டு ஃப்ளூரோகார்பன், 5:1 அல்லது 6:1 விகித ரீல் என்று மாற்றினால் வித்தியாசம் தெரியும். மீன் அடித்ததும் வெட்டி இழுக்காதீர்கள். சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும். மீன் மேலே எழும்போது நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். துள்ள விட்டால் இரையின் எடையையே வீசி முள்ளைக் கழற்றிவிடும்.

முள்ளைப் பெரிதாக்கும்போது எடையும் கூடுகிறது. இரையின் ஆட்டமும் இறங்கும் ஆழமும் மாறும். அதே அளவில் கூர்மையானதைப் போடுங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுங்கள். சறுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்து நின்றால் நல்லது.

கேள்வி: பெட்டியில் போட்டிருந்த மென்புழுக்கள் (மென்மையான பிளாஸ்டிக் இரைகள்) உருகிக் கூழாகிவிட்டன. வெயில் காரணமா?

வெயில் துரிதப்படுத்தியிருக்கும், காரணம் அதுவல்ல. மென்புழுவை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் சில பிளாஸ்டிக்கையும், கடின இரைகளின் பெயிண்டையும் கரைக்கும். வழக்கமான பிவிசி புழுக்களையும், ரப்பர் போல் நீளும் எலாஸ்டெக் வகைப் புழுக்களையும் பெட்டியின் ஒரே அறையில் வைத்தால் ஒன்றையொன்று கரைத்துவிடும். வந்த பையிலேயே வையுங்கள்.

கேள்வி: படகு டிரெய்லரில் ஒரு பக்க ஹப் (சக்கரக் குடம்) கைவைக்க முடியாத அளவு சூடாகிறது. கிளம்பும் முன் முன்பக்க நிப்பிளில் கிரீஸ் வழியும்வரை அடித்துவிட்டுத்தான் போகிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

அப்படி அடித்ததே பாதிக் காரணமாக இருக்கலாம். ஓட்டத்தில் ஹப் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. வந்து சேர்ந்ததும் டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குகிறீர்கள். சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கும்போது, பின்பக்க ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங் வைத்த பேரிங் காப்பு மூடி. உள்ளே எப்போதும் லேசான அழுத்தம் வைத்திருக்கும். அதன் உள்தட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினால் கொஞ்சம் அசைய வேண்டும். அசைந்தால் கிரீஸ் போதும். அதற்கு மேல் துப்பாக்கியால் அடித்தால் பின் சீல் பிதுங்கி, கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் தெறிக்கும். சீல் போனபின் தண்ணீருக்கு வாசல் திறந்ததுதான். மேலும், முன்னாலிருந்து அடிக்கும் கிரீஸ் பின்பக்கப் பேரிங்கை ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை. ஸ்பிண்டிலுக்குள்ளேயே, அதாவது ஹப் சுற்றும் அச்சு முனைக்குள்ளேயே, துளை விட்டு, கிரீஸைப் பின் பேரிங்கில் முதலில் இறக்கும் வகை அச்சு மட்டும் விதிவிலக்கு. அதிலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, கைத் துப்பாக்கியால், மெதுவாக.

எனவே கழற்றிப் பாருங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். மூடி, காட்டர் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாக எடுத்து ஹப்பை உருவுங்கள். பின் சீலை நெம்பி எறிந்துவிடுங்கள், திரும்பப் பயன்படாது. கிரீஸ் காப்பிப்பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, முழுக்கக் காயவைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளிலோ ஹப்புக்குள் இருக்கும் வெளிவளையத்திலோ புள்ளிப் பள்ளம், துரு, நீலம் பாய்ந்த நிறம், இவற்றில் ஏதாவது இருந்தால் பேரிங்கும் வெளிவளையமும் ஜோடியாகவே மாற வேண்டும். புதுப் பேரிங்கைப் பழைய வளையத்தில் ஓட்டினால் சீக்கிரம் அதுவும் போகும். எண் பேரிங்கிலேயே பொறித்திருக்கும். 3,500 பவுண்டு அச்சுகளில் பொதுவாக உள்ளே எல்68149, வெளியே எல்44649. இவற்றின் வளையங்கள் எல்68111, எல்44610. இருந்தாலும் உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தே வாங்குங்கள். புது வளையத்தைப் பித்தளைத் தண்டால் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்குங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறிக் கெட்டியாகக் கேட்கும். சீல் உரசும் இடத்தில் ஸ்பிண்டிலை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவு பள்ளமிருந்தால் புது சீலும் நிற்காது.

உள்ளங்கையில் தண்ணீரைத் தாங்கும் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் குத்திக் குத்தி, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை சுற்றுங்கள். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் துளிகூட மிச்சம் வைக்காமல் கழுவிவிடுவது நல்லது. லித்தியம், பாலியூரியா போன்றவை ஒன்றோடொன்று சேர்ந்தால் நீர்த்து ஒழுகக்கூடும். உள் பேரிங்கை வைத்து, புது சீலைச் சமமாக அடித்து, அதன் உதட்டில் கிரீஸ் தடவி ஹப்பை ஏற்றுங்கள்.

கடைசியாக நட்டு. பலரும் கெடுப்பது இங்கேதான். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்பேனரால் நன்றாக முடுக்குங்கள், சுமார் 50 அடி-பவுண்டு. பேரிங்குகள் இடத்தில் உட்காரத்தான் இது. பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுவதும் தளர்த்தி, விரலால் மட்டும் திருப்பி நிறுத்துங்கள். காட்டர் பின் துளை சேரவில்லை என்றால் அடுத்த பள்ளம்வரை தளர்த்தும் பக்கம் போங்கள், இறுக்கும் பக்கம் அல்ல. புதுக் காட்டர் பின். இறுக்கி விட்ட பேரிங் சில கிலோமீட்டரிலேயே சூடேறும். உங்கள் ஒரு பக்கச் சூட்டுக்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம்.

வருடம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். பயணத்தில் நிற்கும்போதெல்லாம் இரண்டு ஹப்பையும் தொட்டு ஒப்பிடுங்கள். தண்ணீரில் இறக்குமுன் பதினைந்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் கோல்களையும் பெட்டிகளையும் படகில் ஏற்றி முடிக்கலாம்.

கேள்வி: பிரேக் அழுத்தினால் டிரெய்லரின் பின்விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் லேசாகச் சிமிட்டுகிறது. பல்பெல்லாம் மாற்றிவிட்டேன்.

எர்த் சரியில்லை. மின்சாரம் திரும்பிப் போக வழி கிடைக்காமல் அடுத்த விளக்கின் வழியே போகிறது. நான்கு பின் தட்டைப் பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஒரு நீள வயரால் வண்டியின் எர்த்தை நேரடியாக விளக்கின் அடித்தகட்டில் தொட்டுப் பாருங்கள். சரியாக எரிந்தால் சந்தேகமே இல்லை. டிரெய்லர் சட்டத்தையும், அதை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் குண்டையும் எர்த்தாக நம்பாமல், வெள்ளை வயரை ஒவ்வொரு விளக்குவரைக்கும் தனியாக இழுங்கள். இணைப்புகளுக்கு உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். டேப் சுற்றினால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. பழைய பல்பு வகை விளக்கு என்றால் தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள், சூடான பல்பு குளிர்ந்த நீரில் வெடிக்கும்.

கேள்வி: டிரெய்லர் டயர் ஏழு வருடம் ஆகிறது, பட்டை அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டுமா? வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்டுவதற்கும் டயர்தான் காரணமா?

மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். ஐந்தாறு வருடம் அதன் ஆயுள். பக்கச் சுவரிலுள்ள DOT எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கே வையுங்கள். குறைந்த காற்றில் சுவர் நெளிந்து சூடாகி வெடிக்கிறது.

வாலாட்டம் பெரும்பாலும் மூக்குப் பாரம் போதாததால். படகு டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் ஹிட்ச்சில் அமர வேண்டும். மொத்தம் 1,200 கிலோ என்றால் 60 முதல் 120 கிலோ. பின்னால் குவிந்திருக்கும் பேட்டரி, பெட்டி முதலியவற்றை முன்னே கொண்டுவாருங்கள். அப்படியும் போதாவிட்டால் படகின் முன்பகுதியை இழுத்துக் கட்டும் வின்ச் தூணை முன்னே நகர்த்தி படகையே முன்னேற்றுங்கள். நகர்த்திய பின் படகின் பின்பலகை, டிரெய்லரில் படகு உட்காரும் தாங்கு கட்டைகளின் முனையில் முழுதாக அமர்கிறதா என்று பாருங்கள். பின்பலகை கட்டையைத் தாண்டி அந்தரத்தில் நின்றால், இன்ஜின் எடையில் நாளடைவில் படகின் அடிப்பகுதி வளைந்துவிடும்.

கேள்வி: தாங்கு கட்டையின் கார்ப்பெட் கிழிந்துவிட்டது. பலகையோடு மாற்றப் போகிறேன். படகு சுலபமாக இறங்க சிலிகான் ஸ்பிரே அடிக்கலாமா?

அலுமினியப் படகு என்றால் பலகை விஷயத்தில் கவனம். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு உப்பு ஏற்றிய பலகை ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும், கார்ப்பெட் நடுவே இருந்தாலும். சாதாரணப் பலகைக்கு எல்லாப் பக்கமும், வெட்டிய முனைகளிலும், நீர்காப்புப் பூச்சு கொடுத்துப் போடுங்கள். ஸ்டேபிள் துருப்பிடிக்காத எஃகு. போல்ட்டின் தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்கட்டும்; இல்லாவிட்டால் கார்ப்பெட் நாளடைவில் நசுங்கும்போது அது படகின் அடியைக் கிழிக்கும்.

சிலிகான் அடிக்கலாம், படகு உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனாலேயே வின்ச் பெல்ட்டையும் பாதுகாப்புச் சங்கிலியையும் படகின் பின்பகுதி மிதக்கும்வரை கழற்றக் கூடாது. சரிவின் உச்சியில் நின்று எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துவிட்டுப் பின்னோக்கி ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பழைய கார்ப்பெட்டில் உராய்வு படகைப் பிடித்து வைத்திருந்தது. சிலிகான் அடித்த மறுநாள் அதே பழக்கத்தில் இறக்கினால் படகு கான்கிரீட்டில் விழும்.